நண்டுப் படையின் நான்காவது ஆள்

ரூவி, மஸ்கட்
12 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய சேதுமாதவன் சார் அவர்களுக்கு,

என் பெயர் ஜெபராணி. மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினேழு வருடமாக நர்ஸ். உங்களுக்கு என்னைத் தெரியாது. என் தம்பி மரியராஜைத் தெரிந்திருக்கும். அபுதாபியில் உங்கள் கண்காட்சிக்கு முசஃபாவிலிருந்து வந்து இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்து, படப் பலகைகளை மாட்டிக் கொடுத்தானே, அவன்தான். அவனுக்கு நீங்களே டீ வாங்கிக் கொடுத்தீர்களாம். அதற்கு முதலில் நன்றி.

பதினோராவது பலகையை மாட்டும்போதுதான் அவன் அதைப் படித்தான். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினான். நீங்கள் எழுதியதை உங்களுக்கே எழுதிக் காட்டுகிறேன்:

'1945 ஜனவரி, பர்மாவின் அரக்கான் கரை. கட்டுமர வழிகாட்டியாகச் சென்ற பனவிளைத்துறை மீனவர் சூசையடிமை, படையினர் திரும்ப வேண்டிய கட்டுமரத்தைச் சிதைத்துவிட்டு எதிரியிடம் ஓடிப்போனார். கார்ப்பரல் யான்சன் உயிரிழந்தது இந்தத் துரோகத்தால்தான்.'

சூசையடிமை எங்கள் அப்பாவின் அப்பா.

மற்றப் பலகைகளையும் படித்தேன். முப்பத்தொரு பேர். இங்கிலீஷ்காரர், டச்சுக்காரர், நேபாளி, மலேயா சீனர், பர்மாவின் கரேன் ஆட்கள், நம் ஆட்கள். இலங்கையிலிருந்து கிளம்பி, ஜப்பான் பட்டாளம் பிடித்து வைத்திருந்த கரைகளில் திருட்டுத்தனமாக இறங்கி, மண்ணை டப்பாவில் அள்ளிக்கொண்டு வருவார்கள். பெரிய படை இறங்கினால் அந்த மண் தாங்குமா என்று பார்க்க. மணலில் பக்கவாட்டில் ஊர்ந்ததால் நண்டுப் படை என்று பெயர். உண்மையில் எனக்குப் பிடித்திருந்தது சார். எங்கள் வார்டும் அப்படித்தான். ஒரு நோயாளியைச் சுற்றி ஐந்து நாட்டுக்காரர்கள் நிற்போம்.

ஆனால் அந்தப் பதினோராவது பலகை பொய். என் அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. ஊரில் சின்ன வயதிலிருந்தே அவரை 'ஓடிப்போனவனுக்க மவன்' என்றுதான் சொல்வார்கள். சண்டை என்று வந்தால் எங்கள் மேலும் அதுவே வந்து விழும். அதை இப்போது நீங்கள் பெரிய எழுத்தில் அடித்து, விளக்குப் போட்டு மாட்டியிருக்கிறீர்கள். புத்தகமாகவும் போடப் போகிறீர்களாம்.

பலகையை எடுக்க வேண்டும். புத்தகத்தில் அந்த வரி வரக்கூடாது.

மரியராஜிடம் உங்கள் போன் நம்பர் இருக்கிறது. போனில் பேசினால் நான் கத்திவிடுவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். அதனால் கடிதம். ரூவியிலிருந்து முசஃபாவுக்கு ட்ரெய்லர் ஓட்டும் சாகிர் பாயிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடுக்கலாம். நல்ல மனிதர், பிரித்துப் படிக்க மாட்டார்.

இப்படிக்கு,
ஜெபராணி


அபுதாபி
21 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய ஜெபராணி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு குடும்பத்தின் மனம் புண்பட்டிருப்பதை எண்ணி உண்மையாகவே வருந்துகிறேன்.

நான் தொழில்முறை வரலாற்றாசிரியன் அல்ல. கட்டட அமைப்புப் பொறியாளன். நண்டுப் படையைப் பற்றி ஆறு ஆண்டுகளாக, விடுமுறைகளை எல்லாம் செலவழித்து ஆவணங்களைச் சேகரித்திருக்கிறேன். லண்டன் ஆவணக் காப்பகத்தில் மட்டும் இருபத்திரண்டு நாட்கள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் படையின் வீரர்களுடைய பேரப்பிள்ளைகள் பதினான்கு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறேன். யான்சனின் பேத்தி துபாயில்தான் இருக்கிறார்.

தாங்கள் குறிப்பிடும் நிகழ்ச்சிக்கு ஆதாரம், அன்று அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் வேதாந்தம் தன் கையால் எழுதிய அறிக்கை. கட்டுமரத்தில் நான்கு பேர் போனார்கள்: கேப்டன், யான்சன், சா லுவின் என்ற கரேன் வீரர், வழிகாட்டி. வழிகாட்டியை மரத்தோடு கரையில் நிறுத்திவிட்டு மற்ற மூவரும் மேட்டுக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மரம் கட்டுப் பிரிந்து கட்டை கட்டையாகக் கிடந்தது. வழிகாட்டியைக் காணவில்லை. வடக்கே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. வேறு வழியின்றி மூவரும், அலைக்கு வெளியே காத்திருந்த மோட்டார்ப் படகை நோக்கி நீந்தினார்கள். யான்சன் அலையில் மூழ்கிப் போனார்.

மறைக்க விரும்பவில்லை: கேப்டன் வேதாந்தம் என் தாத்தா. ஆனால் அதற்காக நான் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

தங்கள் மனநிலையை மதித்து ஒன்று செய்ய முடியும். பலகையிலும் புத்தகத்திலும் ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் நீக்கிவிட்டு, 'வழிகாட்டி ஒருவர்' என்று மட்டும் போடுகிறேன். நவம்பர் 10 அன்று துபாய் அல் கூஸில் உள்ள அச்சகத்துக்குப் புத்தகம் போகிறது. அதற்குள் தங்கள் சம்மதத்தைத் தெரிவிக்கவும்.

அன்புடன்,
சேதுமாதவன்


ரூவி
28 செப்டம்பர் 2025

சேதுமாதவன் சார்,

உங்கள் பெருந்தன்மைக்கு ஒரு கும்பிடு. பெயரை எடுத்துவிடுவீர்களாம். ஆளைக் கொன்றாயிற்று, இனி அடையாள அட்டையையும் கழற்றிக்கொள்கிறேன் என்கிறீர்கள். வேண்டாம். பெயர் இருக்கட்டும். போன கடிதத்தில் நான் குறைவாகக் கேட்டுவிட்டேன் என்று இப்போது தெரிகிறது.

உங்கள் முதல் பலகையில் இறந்தவர்கள் பட்டியல் இருக்கிறது. ஒன்பது பெயர். புத்தகத்தின் முதல் பக்கமும் அதுதான் என்று மரியராஜிடம் சொல்லியிருக்கிறீர்கள். என் தாத்தா பெயர் அதில் பத்தாவதாக வர வேண்டும். அதுதான் என் சம்மதம்.

உங்கள் தாத்தாதான் கேப்டன் என்று எழுதிய இடத்தைப் படித்தபோது கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஹாஸ்டலில் பக்கத்து பெட் ஜோஸ்மி பிடுங்கி வைத்துக்கொண்டாள். நல்லவேளை, இல்லையென்றால் ஒன்றைக் கவனித்திருக்க மாட்டேன். மரம் 'கட்டுப் பிரிந்து கட்டை கட்டையாகக் கிடந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பலகையிலோ 'சிதைத்துவிட்டு' என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றில்லை.

ஒரே ஒரு கேள்வி. கோபமில்லாமல் கேட்கிறேன். நர்ஸாகக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயாளி எப்படி விழுந்தார் என்று கேட்கிற மாதிரி.

கட்டைகள் கரையில் எந்த இடத்தில் கிடந்தன? மரத்தைக் கட்டியிருந்த கயிறு எங்கே இருந்தது? அறிக்கையில் இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் எல்லாவற்றையும் எழுதுவார்கள். பார்த்துச் சொல்லுங்கள்.

ஜெபராணி


அபுதாபி
9 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஜெபராணி அவர்களுக்கு,

கேட்டதால் மீண்டும் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதை அப்படியே தமிழில் தருகிறேன்:

'அலை எட்டும் கோட்டுக்கு மேலே சுமார் முப்பது தப்படி தூரத்தில், புதர் ஓரமாக நான்கு கட்டைகளும் தனித்தனியே கிடந்தன. கயிறு அறுக்கப்படவில்லை. வட்டமாகச் சுருட்டி, மேலே ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது.'

இது தங்களுக்கு உதவாது என்றே அஞ்சுகிறேன். பயந்து ஓடுகிறவன் கயிற்றைச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்க மாட்டான். நிதானமாக அவிழ்த்து, ஒவ்வொரு கட்டையாக மேலே இழுத்துப் போட்டு, கயிற்றையும் சுருட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றால் இது திட்டமிட்ட வேலை. பயத்தை நான் மன்னித்துவிடுவேன். திட்டத்தை மன்னிப்பது கடினம். தங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் இந்த வரிகளைப் புத்தகத்தில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

என் மனைவி ஜெயலட்சுமி தங்கள் கடிதங்களைப் படித்தாள். 'அவங்க கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலையே, வக்கீல் மாதிரி வாதம்தான் பண்றேள்' என்கிறாள். எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லிவிட்டேன்.

ஒன்பது பெயர்கள் கொண்ட பட்டியல் ராணுவ ஆவணப்படி உறுதி செய்யப்பட்டது. பத்தாவது பெயர் சேர்ப்பது என் அதிகாரத்தில் இல்லை. நம் கடிதப் போக்குவரத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வது இருவருக்கும் நல்லது.

சேதுமாதவன்


ரூவி
15 அக்டோபர் 2025

சேதுமாதவன் சார்,

நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்துவதாக இல்லை.

உங்கள் கடிதத்தை நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது படித்தேன். கயிறு சுருட்டி, மேலே கல் வைத்து. அங்கேயே அழுதுவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகிஸ்தானி பெரியவர் 'க்யா ஹுவா பேட்டி', என்னம்மா ஆயிற்று, என்று கேட்டார். என் தாத்தா யோக்கியர் என்று தெரிந்துவிட்டது என்றேன். பாவம், 'அச்சா' என்றார்.

இப்போது கவனமாகப் படியுங்கள். உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

கட்டுமரம் படகு இல்லை சார். கட்டினால் மரம், அவிழ்த்தால் கட்டை. கடலிலிருந்து வந்ததும் எங்கள் ஆட்கள் செய்கிற முதல் வேலை கட்டுக்கயிற்றை அவிழ்ப்பதுதான். கட்டைகள் தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும். தனித்தனியாகப் போட்டால்தான் காயும். அதைவிட முக்கியமானது, நாலு பேர் ஏறி வந்த முழு மரத்தை ஒற்றை ஆள் மணலில் இழுத்து ஏற்ற முடியாது. அவிழ்த்தால் ஒவ்வொரு கட்டையாகப் புரட்டி ஏற்றிவிடலாம். அலையோரம் முழு மரமாகக் கிடந்தால் வருகிற ரோந்துக்காரன் கண்ணில் படும். புதரோரம் நாலு கட்டை கிடந்தால் கரை ஒதுங்கிய விறகு என்று தாண்டிப் போவான். கயிற்றைச் சுருட்டிக் கல் வைப்பது, திரும்ப வந்து கட்டப் போகிறவன் செய்கிற வேலை. ஓடிப்போகிறவனுக்குக் கயிறு எதற்கு? கெடுக்க நினைத்தவன் அறுத்து அலையில் எறிந்திருப்பான். நொடியில் முடிந்திருக்கும்.

அந்த நாலு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். என் தாத்தாவும் உங்கள் தாத்தாவும். 'நாங்க வர்ற வரைக்கும் மரத்த என்ன பண்ணுவே?' என்று உங்கள் தாத்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் தாத்தாவும் சொல்லியிருக்கலாம்தான். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. சாப்பிட்ட பிறகு கை கழுவப் போகிறேன் என்று யாராவது அறிவித்துவிட்டா போகிறார்கள்?

உங்கள் தாத்தா எந்த ஊர் சார்? திருவல்லிக்கேணி என்று பலகையில் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கடல். சாயங்காலம் காற்று வாங்கப் போனவர், மணலில் கட்டைகள் காய்வதை எத்தனை நூறு தடவை தாண்டி நடந்திருப்பார்!

என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்கள் பொறியாளர். முசஃபாவுக்குப் போங்கள். மரியராஜுக்கு நாலு கட்டையும் கயிறும் கொடுங்கள். எட்டாம் வகுப்பு வரை அப்பாவோடு மரத்தில் போனவன். கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜெபராணி


அபுதாபி
29 அக்டோபர் 2025

ஜெபராணி சிஸ்டர்,

முசஃபாவுக்குப் போனேன். உங்களைப் பொய்யாக்கத்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஒர்க்ஷாப் பூட்டியிருந்தது. மரியராஜ் பின்பக்க முற்றத்தில், இயந்திரம் இறக்கியபோது அடியில் முட்டுக்கொடுத்து வந்த நான்கு கட்டைகளை ஏற்கெனவே வரிசையாகப் போட்டிருந்தார். அவர் அறை நண்பர் நூஹு என்ற ஆலப்புழைக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால்பந்து பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

எட்டு நிமிடம், நாற்பது விநாடி. நான்கையும் ஒரே மரமாகக் கட்டிவிட்டார்.

'கெட்டு விழுந்தாச்சு சார். ஏறி நில்லுங்க' என்றார். ஏறி நின்றேன். கட்டைகளுக்கு இடையில் விரல்கூட நுழையவில்லை. பிறகு என்னையே இழுக்கச் சொன்னார். நான் இழுத்தேன், நூஹுவும் சேர்ந்து இழுத்தார். அசையவில்லை. மரியராஜ் சிரித்துக்கொண்டே அவிழ்த்து, ஒவ்வொரு கட்டையாகப் புரட்டிக்கொண்டு போய் மதில் ஓரம் போட்டார். கடைசியில் கயிற்றைச் சுருட்டினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவராகவே சுற்றுமுற்றும் பார்த்து, ஒரு செங்கல்லை எடுத்து அதன்மேல் வைத்தார்.

'கல்லு எதுக்கு?' என்றேன்.

'காத்து கொண்டுபோவும்லா சார்' என்றார்.

அந்த முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருடமாகக் கட்டட வரைபடம் பார்க்கிறேன். ஒரு பொருள் எப்படி இயங்கும் என்று தெரியாமல் அதைப் பற்றித் தீர்ப்பு எழுதக்கூடாது என்று கீழே வேலை பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பவன் நான்.

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்துவிட இரண்டு நாள் முயன்றேன்.

லண்டன் கோப்பில் இன்னொரு தாள் இருக்கிறது. நான்கு வருடமாக என்னிடம் அதன் நகல் உண்டு. உயிரோடு திரும்பிய சா லுவின் 1946இல் மறுபடி அந்தக் கரைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த ஊர்க்காரர்கள் சொன்னதை எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று கரையோரமாக ஒரு ரோந்து வந்ததாம். கட்டைகள் கிடந்த புதரை நெருங்கும்போது ஒரு ஆள் எழுந்து, அவர்கள் முன்னால் போய், தெரியாத மொழியில் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டே வடக்குப் பக்கமாக நடந்தானாம். குடிகாரன் என்று நினைத்துப் பின்னாலேயே போனவர்கள் கொஞ்ச தூரம் தள்ளிச் சுட்டார்களாம். ஊர்க்காரர்கள்தான் புதைத்திருக்கிறார்கள். கழுத்தில் ஒரு நூல், அதில் பழுப்பு நிறத்தில் இரண்டு சிறு துணிச் சதுரங்கள் கோத்திருந்தன என்று எழுதியிருக்கிறது.

அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. தாளின் ஓரத்தில் 'செவிவழிச் செய்தி, தேவையில்லை' என்று பென்சிலால் எழுதி வைத்தேன். கையெழுத்து என்னுடையது.

என் தாத்தா கேப்டன் என்பதற்காக எதையும் குறைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். அது பொய்.

என் அப்பா எங்களோடுதான் இருக்கிறார், எழுபத்தொன்பது வயது. நேற்றுச் சொன்னேன். 'என் அப்பாவ நீ புஸ்தகத்துல வச்சுக் கொல்லப் போறயா?' என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். இன்னும் பேசவில்லை. அச்சகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

சேதுமாதவன்


ரூவி
2 நவம்பர் 2025

சேதுமாதவன் சார்,

அந்தத் துணிச் சதுரங்களுக்கு உத்தரியம் என்று பெயர். எங்கள் ஆட்கள் சிறு வயதில் மாதா கோயிலில் புதுநன்மை வாங்கிய நாளிலிருந்து கழுத்தில் போட்டிருப்பார்கள். என் கழுத்திலும் இருக்கிறது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது மட்டும் கழற்றுவேன்.

நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் என் அப்பாவுக்கு இரண்டு தடவை மாரடைப்பு வந்தது. உங்களை மன்னிக்கிறேன் என்று எழுத இப்போது கை வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆனால் நீங்கள் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம், எனக்குத் தெரியவே போவதில்லை. அதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அப்பாவைக் கோழை என்று எழுத வேண்டாம், நான் கேட்கவில்லை. மூன்று பேரோடு எதிரி மணலில் நின்றவர். அவரை நான் வார்டில் பார்க்கிற டாக்டர் மாதிரிதான் நினைக்கிறேன். அவசரத்தில் நர்ஸிடம் கேட்காமல் முடிவெடுப்பார்கள். சில தடவை ஆள் போய்விடும். நடந்ததை எழுதுங்கள். அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை, ஒருவர் நின்றார், மற்றவர்கள் நீந்தினார்கள். அது போதும்.

பத்தாவது பெயர் மட்டும் வந்தாக வேண்டும். அதில் பேரம் கிடையாது. வராவிட்டால் லீவு போட்டு அல் கூஸ் அச்சகத்து வாசலில் வந்து உட்காருவேன். விசா பத்து நிமிடத்தில் கிடைக்கிறது, விசாரித்துவிட்டேன்.

ஜெபராணி


அபுதாபி
24 நவம்பர் 2025

ஜெபராணி சிஸ்டர்,

நீங்கள் வாசலில் உட்கார வேண்டியிருக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

நவம்பர் 10 அன்று அச்சகத்துக்குப் போய், முதல் பக்கத்தையும் பதினோராவது அத்தியாயத்தையும் நிறுத்தச் சொன்னேன். மேலாளர் ரோஹித், 'பிளேட் போட்டாச்சு பாய், கலாஸ், இனி மாத்த முடியாது' என்றார். பிறகு நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டு நாள் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் எழுதினேன். இதற்கிடையில் யான்சனின் பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பது வருடமாகத் தவறான ஆளை வெறுத்திருக்கிறோம் என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் நாள் அப்பா என் அறைக்கு வந்தார். எழுதியதைக் கேட்டார். உங்கள் கடிதத்தையும் படித்துக் காட்டினேன், டாக்டர் என்று நீங்கள் எழுதிய இடம்வரை. பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'எனக்கு ஆறு வயசு இருக்கும். அப்பா என்னைத் தோள்ல தூக்கிண்டு பீச்சுக்குப் போனார். விடிகாலம், மீன்காரா கரையேறிண்டிருந்தா. ஒத்தன் ஒண்டியா கட்டுமரத்த அவுத்து, கட்டையக் கட்டையா மேல தள்ளிண்டிருந்தான். கயித்தச் சுருட்டி ஓரமா வச்சான். அப்பா நின்னுட்டார். கால் அசையல. "வீட்டுக்குப் போலாம்ப்பா"ன்னு நான் அழ ஆரம்பிச்சேன். அன்னிக்கப்புறம் அவர் சாகற வரைக்கும் பீச் பக்கமே போகல. உப்புக் காத்து ஒத்துக்கலன்னு சொல்லுவார். நாங்களும் நம்பினோம்.'

ஆகவே தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. 1952லிருந்து தெரிந்திருக்கிறது. அதன்பிறகு முப்பத்தாறு வருடம் உயிரோடு இருந்தார். ஒரு கடிதம் போட்டிருந்தால் போதும். போடவில்லை.

'அதையும் எழுது' என்றார் அப்பா. எழுதினேன்.

புத்தகம் வந்துவிட்டது. ஒரு பிரதியை சாகிர் பாயிடம் கொடுத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் பத்துப் பெயர். இறந்த தேதி வரிசையில் போட்டிருக்கிறோம். சூசையடிமையும் யான்சனும் ஒரே காலையில் போனவர்கள். யார் முதலில் என்று தெரியாததால் இருவரையும் ஒரே வரியில் போட்டிருக்கிறோம். பலகையையும் மாற்றிவிட்டோம். மரியராஜ் வந்து மாட்டினார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். உங்கள் அப்பா என்ன சொன்னார் என்பதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

சேதுமாதவன்


பனவிளைத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்
16 டிசம்பர் 2025

சேதுமாதவன் சார்,

ஒரு வரியில் எழுத முடியவில்லை. அதனால் ஊரிலிருந்து எழுதுகிறேன். பதினைந்து நாள் லீவில் வந்திருக்கிறேன்.

உங்கள் தாத்தா தெரிந்தும் சும்மா இருந்ததைப் படித்தபோது என் ரத்தம் கொதித்தது. டாக்டர் என்று எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அதை அச்சிட்டது அவர் மகனும் பேரனும். அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் அப்பாவுக்குப் புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவார், எழுந்து ஊரெல்லாம் சொல்லப் போவார் என்று நினைத்திருந்தேன். ஆரஞ்சு மிட்டாய்கூட வாங்கி வைத்திருந்தேன். கயிறு, கல், பாடிக்கொண்டே நடந்தது, உத்தரியம் எல்லாம் கேட்டார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

'அப்பம் எனக்க அப்பன் செத்துத்தான் போனாரா மோளே?'

எனக்குப் புரியவில்லை.

'ஓடிப்போனாருன்னு சொன்னப்பம் எல்லாம் எனக்குக் கோவம் வரும். ஆனா ராவுல படுக்கும்போ ஒரு சமாதானம். பர்மாவுல எங்கயாம் ஒரு பெண்ணக் கெட்டி, பிள்ளையளோட இருப்பாருன்னு. ஒருநாளு வந்தாலும் வருவாருன்னு. எனக்கு எழுவது வயசு ஆன பெறவும் நினைச்சிருக்கேன், கேட்டியா.'

அப்புறம் அழுதார் சார். எண்பத்திரண்டு வயது மனிதர், அப்பா செத்த சேதி இப்போதுதான் வந்த பிள்ளை மாதிரி அழுதார். நான் எத்தனையோ குடும்பங்களுக்கு மரணச் செய்தி சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்த மூன்று மாதமும் நான் எதற்காகப் போராடினேனோ அது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. தாத்தாவை இறந்தவர்கள் பட்டியலில் சேர்க்கத்தான் போராடியிருக்கிறேன்.

நேற்று அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பங்குச் சாமியாரிடம் போனார். ஊர்க் கமிட்டிக்காரர்களையும் கூப்பிட்டார். 'எனக்க அப்பன் செத்துப்போனாரு. ஊரு மொறைய செய்யணும்' என்றார். புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்தார். எங்கள் ஊர் முறை உங்களுக்குத் தெரிந்திருக்காது. யார் இறந்தாலும் கோயிலில் துக்க மணி அடிப்பார்கள். மணி அடித்தால் அடக்கம் முடியும்வரை ஒரு வள்ளமும் கடலில் இறங்கக்கூடாது. கமிட்டியில் ஒருவர், 'எம்பது வருசம் ஆச்சே பெரியவரே, இப்பம் மீனு படுற சமயம்லா' என்று இழுத்தார். 'எனக்கு நேத்துதான் சேதி வந்துது' என்றார் அப்பா. சாமியார் மணி அடிக்கச் சம்மதித்தார்.

இன்று விடிகாலையில் மணி அடித்தது. வலையும் டீசல் கேனுமாகக் கரைக்குப் போன பையன்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். யாருக்கு, யாருக்கு என்று கேட்டார்கள். சூசையடிமைக்கு என்று சொன்னோம். இன்ஜினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக எங்கள் வீட்டுக்கு வந்து, அப்பா கையைப் பிடித்துத் துக்கம் கேட்டுவிட்டுப் போனார்கள். 'ஓடிப்போனவன்' என்று அப்பாவைச் சொன்ன வீடுகளிலிருந்தும் வந்தார்கள்.

நான் இப்போது கரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நூற்று நாற்பது வள்ளங்கள் மணலில் கிடக்கின்றன. கடல் நன்றாக இருக்கிறது. இன்று எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்குப் போகவில்லை, சார்.

ஜெபராணி